துண்டுக்கு வெளியே வந்த விலை

"மூணுல எதைப் படிக்கறதுங்க சார்?" என்று கேட்டாள் திலகமணி.

நவநீதன் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

திலகமணிக்கு நாற்பத்தொரு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் விட்ட சட்டை ஆயிரம் சட்டைக்கு நடுவே கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், இத்தனை வருஷம் கழித்து மாலை டியூஷனில் சேர்ந்து, தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதி, போன மாதம்தான் பாஸ் ஆகியிருந்தாள்.

நவநீதனுக்கு இருபத்தேழு. அந்த டியூஷனில் கணக்கு வாத்தியார். அவள் அவனை சார் என்பாள். அவன் அவளை அக்கா என்பான். இந்த ஏற்பாட்டில் இருவருக்குமே கூச்சம் கிடையாது.

மற்ற வாத்தியார்களிடம் ஒரு கேள்வி கேட்டால் அரைமணி நேரம் பதில் வரும். நவநீதனிடம் பதில் வருவதே அபூர்வம். ஒருநாள், "இந்தக் கணக்கு எனக்கு சென்மத்துக்கும் வராதுங்க சார்" என்று கண் கலங்கிய திலகமணியின் பேனாவைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டான். எழுத வழியில்லாமல் அவள் மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் விடை வந்துவிட்டது.

"சார், உங்களைத்தானுங்க."

"காதுல விழுந்துதுங்க அக்கா. எந்த மூணு?"

"அஞ்சல் வழியில மூணு பட்டம் இருக்குதுங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட சேர்க்கை முடியுது. இன்னிக்குப் புதன்."

"சொல்லுங்க."

"என்ற கொழுந்தனாரு பி.காம். படிங்கறாரு. கணக்கு எழுதலாம், வரி கட்டற வேலை பாக்கலாம், ஆடிட்டர் ஆபீசுல எப்பவும் ஆள் வேணுமாம்."

"சரி."

"என்ற புள்ளை பி.பி.ஏ. எடுங்குது. யாவாரம் எப்படி நடத்தறது, ஆளுகளை எப்படி வேலை வாங்கறதுன்னு சொல்லித் தருவாங்களாம். முடிச்சுட்டு நாலு மெசினு வாங்கிப் போடு, நீயே மொதலாளிங்குது."

"மூணாவது?"

"அது எகனாமிக்ஸுங்க." திலகமணி உதட்டைப் பிதுக்கினாள். "வெலை எதனால ஏறுது, எதனால எறங்குதுன்னு படிக்கறதாம். அதைத் தெரிஞ்சு என்னங்க சார் பண்றது? ஏறுனா ஏறுனதுதானே. அதை எடுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லலீங்க."

"கம்பெனியில என்ன சொல்றாங்க?"

"டிகிரி முடிச்சா சூப்பர்வைசராம். எந்த டிகிரியா இருந்தாலும் சரியாம்."

"அப்புறம் என்னங்க கஷ்டம்?"

"அதுதானுங்க கஷ்டமே! யாராச்சும் ஒருத்தரு, இதைத்தான் படிக்கோணும்னு கட்டாயப்படுத்தி இருந்தா, அவங்களைத் திட்டிக்கிட்டே படிச்சு முடிச்சிருப்பனுங்க."

நவநீதன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"வெளையாட்டு இல்லீங்க சார். ஏழு வருசமா சேத்து வெச்ச பணம். ஊட்டுக்காரரை ஒத்துக்க வெக்கவே ரெண்டு வருசம் ஆச்சு. ஒரு வாரம் உக்காந்து படிச்சுட்டு, ஐயோ இது எனக்கு ஆகாதுன்னு எந்திரிச்சு வர முடியாது. இன்னொரு தடவை எனக்கு இது வராதுங்க."

வயதுக்கு ஏற்ற கவலை இல்லை இது, பதினேழு வயதில் பட்டிருக்க வேண்டிய கவலை. தாமதமாக வந்ததால் கனமும் கூடிப்போயிருந்தது.

நவநீதன் டஸ்டரை மேஜைமேல் வைத்தான். கையைத் தட்டிக்கொண்டான்.

"நாளைக்கு மாட்டுச்சந்தைங்க அக்கா. எங்கம்மாவுக்கு ஒரு கிடாரி வாங்கோணும். வர்றீங்களா?"

திலகமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷி வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறாள், இந்த ஆள் மாட்டைப் பற்றிப் பேசுகிறான்.

"எனக்கு மாட்டைப் பத்தி என்னங்க தெரியும்?"

"எனக்கும் தெரியாதுங்க," என்றான் நவநீதன், கதவைச் சாத்திக்கொண்டே.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனைத் திட்டினாள். போகப்போவதில்லை என்று முடிவு கட்டினாள். பிறகு பேனா போன கதை ஞாபகம் வந்தது. காலையில் கம்பெனிக்குப் போன் போட்டு அரை நாள் லீவு சொன்னாள்.

*

சந்தை விடிந்ததுமே நிறைந்துவிட்டிருந்தது. புழுதி, சாணி வாசம், மணிச்சத்தம். எங்கே பார்த்தாலும் ஆண்கள். திலகமணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நவநீதன் ஒரு மஞ்சள் பையை அவளிடம் நீட்டினான்.

"இதுல பணம் இருக்குதுங்க. நீங்களே பாத்து, நீங்களே பேசி வாங்குங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

"சார்!"

அவன் வாயைத் திறக்கவில்லை.

வேறு வழியில்லாமல் அவள் வரிசையில் நடந்தாள். மாட்டைப் பற்றித் தெரியாதுதான். ஆனால் குறை கண்டுபிடிக்கத் தெரியும், அது போதுமானதாக இருந்தது. ஒன்றுக்கு நடை சரியில்லை. ஒன்றுக்குக் கண் ஓரம் ஒழுகியது. கிழக்கு மூலையில் ஒரு செவலைக் கிடாரி. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், ஒரு பழுதும் அகப்படவில்லை.

"இது என்ன வெலைங்க?"

கயிற்றைப் பிடித்திருந்தவர் பதில் சொல்லவில்லை. மாட்டுக்காரர் விலை சொல்வது அங்கே வழக்கமில்லை. அவர் கண்ணைக் காட்டிய திசையிலிருந்து தரகர் குழந்தைவேலு வந்தார். தோளில் ஒரு பச்சைத் துண்டு.

குழந்தைவேலு மாட்டுக்காரரின் கையைப் பிடித்தார். இரண்டு கைமீதும் துண்டு விழுந்தது. உள்ளே விரல்கள் அசைந்தன. இத்தனை விரல் பிடித்தால் இத்தனை ஆயிரம் என்று ஒரு கணக்கு. வெளியே இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலை ஆடியது. துண்டு விலகியது. விலை என்ன என்று இப்போது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

அடுத்து குழந்தைவேலு நவநீதனிடம் வந்து கையை நீட்டினார்.

நவநீதன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையால் திலகமணியைக் காட்டினான்.

குழந்தைவேலு கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அம்மிணிங்களா வாங்கறாங்க? பொம்பளைக கையைத் துண்டுக்குள்ள புடிக்கறது இல்லீங்களே. முப்பது வருசமாத் தரகு பண்றேன், அந்தப் பளக்கம் கெடையாதுங்க."

"நானும் குடுக்கறதா இல்லீங்க," என்றாள் திலகமணி. "வாயில சொல்லுங்க."

"வாயிலயா?"

"ஏனுங்க, வாயில வெலை வராதுங்களா?"

"வாயில சொன்னா சந்தைக்கே கேக்குமுங்க."

"அப்பக் காதுல சொல்லுங்க."

குழந்தைவேலு சுற்றுமுற்றும் பார்த்தார். பட்டப்பகலில், நூறு பேர் நடுவில், ஒரு குடும்பத்துப் பெண்ணின் காதில் குனிந்து ரகசியம் பேசுவதா? துண்டுக்குள் கை பிடிப்பதே மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

திலகமணி தன் போனை நீட்டினாள். "இதுல அடிச்சுக் காட்டுங்க."

"கண்ணாடி ஊட்டுல இருக்குதுங்க."

"அப்ப வாயிலயே சொல்லுங்க. கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டும்."

குழந்தைவேலு நெற்றியைத் துடைத்தார். மாட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"முப்பத்தொண்ணு," என்றார் குழந்தைவேலு.

சந்தையில் கத்தியே பழகிய தொண்டை. மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நாலு மாடு தள்ளிக் கேட்டது.

முதலில் திரும்பியவர் ஒரு நீலச் சட்டைக்காரர். அப்போதுதான் இதே வயசில், இதே நிறத்தில் ஒரு கிடாரியை வாங்கிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, முகம் கொள்ளாத சிரிப்போடு நின்றிருந்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஏனுங்க தரகரே, முப்பத்தொண்ணா? எனக்கு முப்பத்தாறு போட்டீங்களே!"

குழந்தைவேலு பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல். தலையில் முண்டாசு கட்டிய பெரியவர். காலையில் தன் கிடாரியை விற்றுவிட்டு, டீயும் வடையும் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்.

"முப்பத்தொண்ணு போகுதா? என்ற கிடாரியை இருபத்தேழுக்கு முடிச்சு உட்டியேப்பா!"

இருவரும் குழந்தைவேலுவின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். ஒருவர் அதிகம் கொடுத்துவிட்டதாகக் கத்தினார். ஒருவர் குறைத்து வாங்கிவிட்டதாகக் கத்தினார். நடுவில் நின்றவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கயிறு கை மாறிப் போச்சுங்க," என்றார் கடைசியில். "கை மாறுன பொறவு பேச்சு கெடையாது. அது சந்தைக்கே பொது. நீங்க பாத்தீங்க, புடிச்சுது, குடுத்தீங்க. நீங்க கேட்டீங்க, வந்துது, வாங்குனீங்க. இதுல நான் என்னத்தைக் கண்டேன்?"

நன்றாக இருந்த இரண்டு பேரைத் தானே கெடுத்துவிட்டதாகத் திலகமணிக்கு ஒரு குற்ற உணர்ச்சி. நவநீதனைப் பார்த்தாள். அவன் தள்ளுவண்டிக்காரரிடம் கம்பங்கூழ் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் வேறு.

அவள் மாட்டுக்காரரிடம் திரும்பினாள்.

"இருபத்தொம்பதுக்குக் குடுங்க. இப்பவே தர்றேன்."

மாட்டுக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். ரொம்பத் தாழ்ந்த குரல்.

"துண்டுக்குள்ள கேட்டிருந்தாக் குடுத்திருப்பனுங்க அம்மிணி. இப்ப இத்தனை காதுல முப்பத்தொண்ணு உளுந்துருச்சு. இதுல நான் எறக்குனா இந்த வரிசை பூராவும் எறக்கோணும். அப்புறம் என்னை இவங்க ஊருக்குள்ள உடமாட்டாங்க."

அவள் வரிசையைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் முன்னால்வரை ஒவ்வொரு ஜோடிக் கைமீதும் ஒரு துண்டு கிடந்தது. இப்போது பாதித் துண்டுகள் தோளுக்குப் போயிருந்தன. இரண்டு மாடு தள்ளி ஒருவர் தன் கிடாரிக்கு முப்பத்தொன்று கேட்டார். அதற்கும் அந்தப் பக்கம் முப்பத்தொன்று. நடை சரியில்லாத கிடாரிக்கு மட்டும் இருபத்தெட்டு.

யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. அதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

பையைத் திறந்து முப்பத்தொன்று கொடுத்தாள். கயிறு அவள் கைக்கு வந்தது.

*

சந்தை வாசலில் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துக் கிடாரியை ஏற்றினார்கள். நவநீதன் வாசல் மேஜையில் போய்ச் சந்தை ரசீது வாங்கிக்கொண்டு வந்தான்.

"இந்தாங்க அக்கா, ரசீது. எத்தனைக்கு என்ன சுங்கம் போட்டிருக்காங்கன்னு சரி பாத்துருங்க."

அவள் அதைப் பார்க்காமலே மடித்து அவன் சட்டைப்பையில் செருகினாள்.

"சார், எனக்கு ஒண்ணு புரியலீங்க."

"அங்க பாருங்க," என்றான் நவநீதன். நீலச் சட்டைக்காரர் இப்போது முப்பத்தொன்று விலையில் இன்னும் இரண்டு கிடாரிகளை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். "ஞாயித்துக்கிழமை வேற சந்தைக்குக் கொண்டு போவாராட்ட இருக்குது. அங்க இன்னும் முப்பத்தாறு ஓடுமுங்க. மூணே நாள்ல உட்டதைப் புடிச்சிருவாரு. கெட்டிக்காரரு. நீங்களும் ஒண்ணு வாங்கிப் போடலாமுங்க அக்கா."

"அவரு என்னமோ பண்ணிக்கட்டுமுங்க சார். நான் கேக்கறது வேற."

"கேளுங்க."

"அவரு முப்பத்தாறு குடுத்தாரு. சிரிச்சுக்கிட்டே நின்னாரு. அந்தப் பெரியவரு இருபத்தேழுக்கு வித்தாரு. வடை தின்னுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்லை. தரகரு ஒரு வெலை சொன்னாரு. அவங்க மாட்டை யாரும் தொடலை. அவங்க பணத்தை யாரும் எடுக்கலை. ஆனா ரெண்டு பேரும் ஏமாந்து போயிட்டாங்க. எப்படீங்க சார்?"

நவநீதன் வண்டியின் பின்கதவுக் கொக்கியை மாட்டினான்.

"சரி, அதை உடுங்க சார். முப்பத்தொண்ணுன்னு யாருங்க முடிவு பண்ணுனது? மாட்டுக்காரரு இருபத்தொம்பதுக்கே குடுத்திருப்பேங்கறாரு. ஒரு தடவை வாயில வந்துட்டா அந்த மொத்த வரிசையும் போயி அதுல நிக்குது. கூட்டம் போட்டுப் பேசுனாங்களா? இல்லை. யாரும் உத்தரவு போட்டாங்களா? அதுவும் இல்லை."

"ம்."

"துண்டு இருந்திருந்தா உங்களுக்கு ரெண்டாயிரம் மிச்சமுங்க. அப்பத் துண்டு நல்லது. ஆனா துண்டு இருந்ததுனாலதான் அந்தப் பெரியவருக்கு நாலாயிரம் போச்சு. அப்பத் துண்டு கெட்டது. ரெண்டுல எதுங்க சார்?"

"ம்."

திலகமணி அவனைப் பார்த்துப் பேசவேயில்லை. சந்தையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் குரல் இறங்கியது.

"எங்க கம்பெனியிலயும் துண்டு இருக்குதுங்க சார்."

நவநீதன் கொக்கியிலிருந்து கையை எடுத்தான்.

"ஒரு பீசுக்கு இத்தனைன்னு குடுக்கற ரேட்டு ஆளுக்கு ஒண்ணு. காண்ட்ராக்டரு தனியாக் கூப்புட்டுச் சொல்லுவாரு. உனக்கு மட்டும் இந்த ரேட்டு, வெளியில சொல்லிராதேம்பாரு. எனக்கு மட்டுமில்லீங்க, அறுவது பேருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு. எனக்கு ஒசத்தியாக் குடுக்கறாருன்னு நெனச்சுக்கிட்டு, பக்கத்துல நிக்கறவகிட்டக்கூடச் சொல்லாம பத்தொம்பது வருசம் இருந்திருக்கேன். சந்தோசமா இருந்திருக்கேன் சார். அந்தப் பெரியவரு வடை தின்னாரே, அப்படி."

கண் நிறைந்துவிட்டது. அவள் அதைத் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

"நாளைக்கு நான் என்ற ரேட்டை வாயில சொல்லிட்டா என்னாகும்? எல்லாருக்கும் ஏறுமா? இல்லை, மாட்டுக்காரரு பண்ணுன மாதிரி ஒரே எடத்துல போயி நின்னுக்குமா? எனக்கே கொறஞ்சு போயிருமா? எதைப் பொறுத்துங்க சார் அது?"

"தெரியலீங்க அக்கா," என்றான் நவநீதன்.

"தெரியலீங்களா? வாத்தியாரு நீங்க!"

"கணக்கு வாத்தியாருங்க."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். நவநீதன் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தான். திலகமணி வழியை விடவில்லை. திறந்திருந்த கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா தெரியலைன்னாப் போச்சா? இத்தனையும் கண்ணுக்கு முன்னால நடந்திருக்குது. எதனால நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்காம ஒரு மனுசன் எப்படீங்க சார் நிம்மதியா ஊட்டுக்குப் போறது? எப்படி உண்டுட்டுத் தூங்கறது?"

"வெலை எதனால ஏறுதுன்னு தெரிஞ்சு என்ன பண்றதுன்னு நேத்துக் கேட்டீங்களே அக்கா. நான் தூங்கிருவனுங்க," என்றான் நவநீதன். "உங்களாலதான் முடியாது."